சிஞ்ஞோரா ஹெட்டாவின் சொந்தக் குரல்

கொலர்

ஹெட்டா வின்ட்லரின் குரலை நான் முதன்முதலில் நேரில் கேட்டபோது, வேலை போய்விட்டது என்றுதான் நினைத்தேன்.

"இந்தக் கொலரை ஆர் அயன் பண்ணினது?"

உடுப்பு அறையில் நாங்கள் இரண்டு பேர்தான் நின்றோம். தலைமைத் தையற்காரி பினா என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன். வெள்ளைச் சட்டை ஒன்றைக் கையில் பிடித்தபடி வாசலில் நின்ற அந்த உயரமான மனுஷி, ஒவ்வொரு சொல்லையும் ஆணி அடிப்பது போலச் சொன்னார். "நான்தான், சிஞ்ஞோரா" என்று இத்தாலியர் முறையில் மரியாதையாகச் சொன்னேன். ஒருமுறை தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்.

அது பாராட்டு என்பது அடுத்த நாள் காலையில்தான் தெரிந்தது. "இனிமேல் அவவுக்கு நீதான் உடுப்பு மாட்டிவிட வேணுமாம். கொலரைப் பாத்தே ஆளைப் பிடிச்சிட்டா" என்று பினா சொன்னார். பினாவுக்கு அதில் கொஞ்சம் எரிச்சல். ஆனால் நல்ல மனுஷி, இரண்டு நாளில் மறந்துவிட்டார்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. நாங்கள் ஊரைவிட்டு இத்தாலியின் சிசிலித் தீவுக்கு, பலெர்மோவுக்கு வந்து நாலைந்து வருடமாகியிருந்தது. என் கணவர் நகரத்துக்கு வெளியே சியாகுல்லியில் மண்டரின் ஆரஞ்சுத் தோட்டத்தில் பழம் ஆய்ந்துகொண்டிருந்தார். நான் வியா மக்வேதா என்கிற பெருந்தெருவுக்குப் பின்னால் ஒரு பழைய மாளிகையில், தனியாக இருந்த வயதான சிஞ்ஞோராவின் வீட்டில் சமையல், துப்புரவு, உடுப்பு எல்லாம் பார்த்தேன். அந்த மாளிகையின் கீழ்த்தளத்தை ஒரு சினிமாக் கொம்பனி வாடகைக்கு எடுத்து உடுப்பு அறையாக்கியது. அவர்களிடம் அயன் பண்ணிய பெட்டை மாடிப்படியில் விழுந்து காலை முறித்துக்கொண்டாள். எங்கள் சிஞ்ஞோரா மேலிருந்து எட்டிப் பார்த்து, "இந்தச் சத்தத்துக்குள்ளை நான் இருக்கேலாது. தங்கச்சி வீட்டை போறன். ராணி சும்மாதான் இருக்கப்போறாள், அவளை எடுங்கோ" என்றார்.

நான் சினிமாவுக்குள் வந்தது அப்படித்தான். இப்போது இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகள் "சின்ன வயசிலேயே ஆசையா அன்ரி?" என்று கேட்கிறார்கள். ஆசையும் இல்லை, கனவும் இல்லை. கையில் நல்ல நீராவி அயன் பெட்டி ஒன்று கிடைத்தது. எனக்கு அதுவே பெரிய சந்தோசம்.

கை, முகம், பிறகு மிச்சம்

ஜேர்மன் நடிகையான ஹெட்டாவை நான் அதற்கு முதலே எத்தனையோ தடவை பார்த்திருந்தேன். மத்தியானம் சட்டி கழுவும் நேரத்தில் சிஞ்ஞோராவின் குசினித் தொலைக்காட்சியில் பழைய படங்கள் போகும். அதில் ஹெட்டா சீமாட்டியாக வருவார், உளவாளியாக வருவார், புருசனுக்கு விசம் வைப்பார், கன்னியாஸ்திரி உடுப்பில் துப்பாக்கி ஒளித்து வைப்பார். குரல் என்றால் அப்படி ஒரு குரல். அடித்தொண்டையில் இருந்து, அவசரமே இல்லாமல் வரும், கேட்கிறவர்களின் கையில் வேலை நிற்கும்.

அந்தக் குரலும், கொலரைப் பற்றிக் கேட்ட குரலும் ஒன்றல்ல என்று வீட்டில் போய்ச் சொன்னேன்.

"விசம் வைக்கிற பொம்பிளைதானே?" என்றார் கணவர். "சரியான குரலப்பா அது."

"அது அவவின்ரை குரல் இல்லையாம்."

"அப்ப ஆற்றை?"

"ரோமிலை ஒரு மனுசி இருக்கிறாவாம். அவதான் எல்லாப் படத்திலையும் இவவுக்காகக் கதைக்கிறவ."

அவர் சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டு யோசித்தார். "வாயை அசைக்கிறதுக்கு ஜேர்மனியிலை இருந்தே ஆள் எடுத்தவங்கள்?"

அந்தக் கால இத்தாலியப் படங்களில் அதுதான் வழக்கம். கமராவுக்கு முன்னால் ஆளாளுக்குத் தங்கள் தங்கள் மொழியில் பேசுவார்கள். பிறகு ரோமில், இருட்டறையில், வேறு ஆட்கள் குரல் கொடுப்பார்கள். ஹெட்டா ஒருநாள் கண்ணாடிக்கு முன்னால் இருந்தபடி இதைச் சொன்னார். நான் அவரது சட்டையின் பின்பக்கக் கொழுக்கிகளை மாட்டிக்கொண்டிருந்தேன்.

"ஒரு ஸ்பானியக் கதாநாயகன் என்னோடை மூண்டு படம் நடிச்சவன். வசனம் பாடமாக்க அவனுக்குப் பஞ்சி. காதல் காட்சியிலை என்ரை கண்ணைப் பாத்து ஒண்டு, ரெண்டு, மூண்டு எண்டு எண்ணுவான். இருபத்தேழிலை அழுவான். நான் ஜேர்மனிலை மறுமொழி சொல்லுவன். படத்தைப் பாத்தா சனம் கண்ணைத் துடைக்குது."

"நீங்கள் சிரிக்கேல்லையோ?"

"சிரிச்சா என்ரை பிழை. அவன் எண்ணினது நல்லாத்தான் இருந்தது."

அவரது சினிமா வாழ்க்கையை இப்படித் துண்டு துண்டாகத்தான் கேட்டேன். வட ஜேர்மனியில் ஒரு துறைமுகப் பட்டினம். பதினேழு வயதில் கையுறைக் கடையில் வேலை. படக்காரர் கையுறை வாங்க வந்த இடத்தில் இவருடைய கையைப் பார்த்திருக்கிறார்கள். கதாநாயகியின் கை அவ்வளவு வடிவில்லையாம். ஆகவே ஹெட்டாவின் முதல் படத்தில் அவருடைய கை மட்டும்தான் நடித்தது. ஒரு மெழுகுதிரியைக் கொளுத்தியதாம். அடுத்த வருடம் முகமும் வந்தது. மலைக் கிராமத்துப் படங்களில் பாவாடையும் இரட்டைப் பின்னலுமாக ஓடித் திரிந்தார். "அந்தப் படங்களிலை என்ரை குரல் இருந்தது" என்றார். "ஆனா சொல்ல ஒண்டும் இல்லை. ஓம் அப்பா, இல்லை அப்பா, பனி பெய்யுது. ரோமுக்கு வந்த பிறகு சொல்ல நிறைய இருந்தது. குரல் இல்லை."

இதை அவர் குறையாகச் சொல்லவில்லை, பகிடியாகத்தான் சொன்னார். ஆனால் இந்தப் படத்துக்கு அவர் ஏன் வந்தார் என்பது அதில் இருந்தது. இயக்குநர் பலெர்மோக்காரப் பொடியன், முப்பது வயதுகூட இராது. கதையில் ஹெட்டாதான் முக்கிய பாத்திரம். பலெர்மோவுக்குப் பக்கத்துக் கடற்கரை ஊரான ஸ்ஃபெர்ராகவால்லோவில் ஒரு மீனவரைக் கட்டி, நாற்பது வருடம் அங்கேயே இருந்து, புருசன் போன பிறகும் சின்னச் சாப்பாட்டுக் கடையை நடத்துகிற வெளிநாட்டு மனுஷி. மகன் கடையை விற்றுவிட்டு அவவை வடக்குக்குக் கூட்டிப்போக வருகிறான். படப்பிடிப்பில் பிடிக்கிற சத்தத்தையே, ஹெட்டாவின் சொந்தக் குரலையே, படத்தில் வைக்கப்போவதாக இயக்குநர் சொல்லியிருந்தார். அந்த வாக்குக்காகத்தான் ஹெட்டா வந்தார்.

ரோமில் இருந்து வந்த தயாரிப்பாளருக்கு அதில் விருப்பமில்லை. சனத்துக்கு ஹெட்டா என்றால் அந்த வெல்வெட் குரல்தான் என்பது அவர் கட்சி. சத்தத்தைப் பிடித்துப் பார்ப்போம், சரிவராவிட்டால் வழக்கமாகக் குரல் கொடுக்கிற அம்மாவைக் கொண்டு டப்பிங் செய்வோம், கடைசி முடிவு தன்னுடையது என்று ஒப்பந்தத்திலேயே போட்டிருந்தார். அறுபதை நெருங்குகிற ஒரு நடிகைக்கு இப்படி இன்னொரு படம் வரப்போவதில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். ஹெட்டாவுக்கும் தெரியும்.

அவர் வேலை செய்த விதத்தை நான் இன்றைக்கும் நினைத்துப் பார்ப்பேன். நிற்க வேண்டிய இடத்தைக் காட்டத் தரையில் ஒட்டிய நாடாவை ஒருநாளும் குனிந்து பார்க்க மாட்டார். லைட்டின் சூடு கன்னத்தில் எந்த இடத்தில் படுகிறது என்பதை வைத்தே சரியான இடத்தில் போய் நிற்பார். படப்பிடிப்புக்கு ஒரு கிழமை முதலே வந்து, ஸ்ஃபெர்ராகவால்லோவில் உண்மையான கடையொன்றின் குசினியில் கோப்பை கழுவினார். மேக்கப் பெண் அவர் கைக்குக் கிறீம் பூச வந்தபோது, "இந்தக் கையை இப்பிடிக் கரடுமுரடாக்க நான் ஒரு கிழமை பாடுபட்டனான்" என்று விரட்டிவிட்டார்.

வாதோ எ வெங்கோ

அந்தக் கதைக்கு முக்கியமான உடுப்பு ஒரு நீளமான கறுப்புச் சட்டை. கைம்பெண்ணின் ஞாயிற்றுக்கிழமைச் சட்டை. பினா பழைய சந்தையில் தேடிப் பிடித்தது. கழுத்தில் இருந்து இடுப்பு வரை முதுகில் வரிசையாகச் சின்னக் கொழுக்கிகள். பார்க்க வடிவு, மாட்டக் கஷ்டம்.

அது இன்னும் கமராவுக்கு முன்னால் போகவில்லை. ஒருநாள் தென்காற்று புழுதியை அள்ளிக் கொட்டி வெளிச்சம் கெட்டுப்போனதால், மத்தியானத்தோடு வேலையை நிறுத்திவிட்டார்கள். ஹெட்டா அந்தச் சட்டையைப் போட்டுப் பார்த்தார். போட்டவர் கழற்ற மனமில்லாமல், "கொஞ்ச நேரம் இதோடை இருந்து பழகிறன்" என்று கதிரையில் இருந்துவிட்டார். பினா எனக்குச் சைகை காட்டினார், நீ வீட்டுக்குப் போ, நான் கழற்றிவிடுகிறேன் என்று. நான் பையை எடுத்துக்கொண்டு வாசலில் நின்று, மரியாதையாகச் சொல்லிக்கொண்டு வெளிக்கிட்டேன்.

"சிஞ்ஞோரா, வாதோ எ வெங்கோ."

போறேன், வாறேன். எங்கள் "போட்டு வாறன்", அதாவது போய்விட்டு வருகிறேன், என்பதை நான் அப்படியே இத்தாலியனில் போட்டு வைத்திருந்தேன். வேலை செய்த வீட்டு சிஞ்ஞோராவுக்கு அது பழகிவிட்டது. ஆனால் இத்தாலியனில் அதைச் சொன்னால், இதோ ஒரு நிமிடத்தில் வந்துவிடுகிறேன் என்றுதான் கருத்து. அது எனக்குத் தெரியாது.

கொஞ்ச நேரத்தில் பினா கழற்றிவிடப் போயிருக்கிறார். "வேண்டாம், ராணி இப்ப வருவாள்" என்று சொல்லியிருக்கிறார் ஹெட்டா. நான் அவவுக்கு வாக்குக் கொடுத்துவிட்டுத்தான் போயிருக்கிறேன் என்று நினைத்து, பினாவும் அறையைப் பூட்டுகிற திறப்பைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். ஹெட்டா காத்துக்கொண்டே இருந்திருக்கிறார். நான் அந்த நேரம் வீட்டில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த நாள் காலை அதே கறுப்புச் சட்டையோடு ஹெட்டா உள்ளே வந்தார். முதுகெல்லாம் கசங்கல். பினாவின் முகத்தில் ஈயாடவில்லை.

"எங்கை போனனீ?" என்றார் ஹெட்டா என்னிடம்.

"வீட்டை, சிஞ்ஞோரா."

"வாறன் எண்டுதானே சொன்னனீ."

"ஓம். வந்திட்டன்தானே."

பினா தலையில் கை வைத்துக்கொண்டார். நான் கிடைத்த இத்தாலியனை எல்லாம் பொறுக்கி விளங்கப்படுத்தினேன். "எங்கடை ஆக்கள் வெளிக்கிடேக்கை போறன் எண்டு சொல்ல மாட்டினம். போட்டு வாறன் எண்டுதான் சொல்லுவினம். போறன் எண்டா, அப்பிடியே போயிடுற மாதிரி."

"அப்ப திரும்பி வராத இடத்துக்குப் போறவை?"

"அவையும் அப்பிடித்தான்."

"பொய்தானே அது?"

"கேக்கிறவைக்கும் தெரியும், சிஞ்ஞோரா. அவையும் ஓம், போட்டு வா எண்டுதான் சொல்லுவினம்."

நானும் அம்மாவிடம் அப்படிச் சொல்லிவிட்டு வந்தவள்தான். அம்மாவும் "ஓம், போட்டு வா" என்றார். பிறகு நாங்கள் சந்திக்கவில்லை, இனிச் சந்திக்கவும் முடியாது. அதை ஹெட்டாவிடம் சொன்னேன். அவர் என் தோளில் கை வைத்தார்.

பிறகு எழும்பிக் கண்ணாடிக்கு முன்னால் போய் முதுகைத் திருப்பிப் பார்த்தார். "நேற்று ஹோட்டல் வரைக்கும் நடந்து போனன். வியா மக்வேதாவிலை ஒரு கிழவி என்ரை கையைப் பிடிச்சு, கடவுள் உனக்குப் பலம் தருவார் மகளே எண்டு ஆறுதல் சொன்னா. என்னை ஆரெண்டு தெரியேல்லை. நான் வாயைத் திறக்கேல்லை, திறந்திருந்தா கெட்டிருக்கும். ஹோட்டல் அறையிலை இதைக் கழட்டப் பாத்தன், ஏலேல்லை. இதோடையே படுத்தன். பினா, ஒண்டு சொல்லுங்கோ. இந்த மனுசி தனியத்தானே இருக்கிறா? இவவுக்கு ஆர் கொழுக்கி மாட்டிவிடுறது?"

அன்றைக்கே அந்தச் சட்டையைப் பிரித்து, திறக்கிற பக்கத்தை முன்னுக்கு மாற்றி, கொழுக்கிக்குப் பதிலாகப் பொத்தான் தெறிகள் வைத்தோம். என் வேலையில் பாதி அத்தோடு போனது. ஆனால் என்னை நிற்பாட்டவில்லை. "இனி நீ எனக்கு மகன்ரை வசனத்தை வாசி" என்றார் ஹெட்டா.

நாற்பது வருடம்

ஸ்ஃபெர்ராகவால்லோவுக்குப் போகிற வான் வண்டியில் அவர் தாயின் வசனத்தைச் சொல்வார், நான் எழுத்துக் கூட்டி மகனுடையதை வாசிப்பேன். என் இத்தாலியன் குசினியிலும் சந்தையிலும் பொறுக்கியது, அவருடையது ரோமில் பழகியது. அவருக்கு ஓர் இடத்தில்தான் இடறும். இரட்டை எழுத்து வராது. இரவைச் சொல்லுகிற "நொத்தே" என்பது "நோதே" ஆகிவிடும். எங்களுக்கு அது பிறந்ததில் இருந்தே வாயில் இருக்கிற சங்கதி. "கனி, கன்னி" என்று சொல்லிக் காட்டினேன். அவரும் சொல்லிப் பார்ப்பார். "கனி, கனி."

"ரெண்டும் பழம்தான் வருது, சிஞ்ஞோரா."

வான்காரர் சிரிப்பார், இவரும் சிரிப்பார். பிறகு விடாமல் மறுபடி தொடங்குவார். அந்த வயதில், அத்தனை படம் நடித்த ஒருவர், கடைக்குட்டிப் பிள்ளை மாதிரி வாயைக் குவித்துப் பழகியதைப் பார்க்க எனக்கு மரியாதை கூடிக்கொண்டே போனது.

நாங்கள் படம் எடுத்த கடையின் முதலாளி அவருடைய பெரிய ரசிகர். முதல் நாள் மத்தியானம் நண்டு அவித்துக் கொண்டுவந்து வைத்துவிட்டு, பக்கத்தில் நின்று கதை கேட்டார். இரண்டு நிமிடத்தில் அவர் முகம் வாடிவிட்டது.

"சிஞ்ஞோரா, உங்களுக்குத் தடிமனோ? ரீவியிலை குரல் இப்பிடி இல்லையே."

"ஓம்" என்றார் ஹெட்டா. "தடிமன்தான். முப்பது வருசமா."

மேசையில் எல்லோரும் சிரித்தார்கள். திரும்பி வருகிற வழியில் அவர் ஒரு வசனமும் சொல்லவில்லை.

கடைசிக் காட்சி எடுக்கிற நாளன்று தயாரிப்பாளரும் வந்து நின்றார். மகன் வெளியே காரில் இருக்கிறான். தாய் வெறுமையான கடைக்குள் நின்று, செத்துப்போன புருசனோடு பேசுகிற மாதிரி ஒரு நீண்ட பேச்சு. அதில் "நாற்பது வருடம்" என்று மூன்று இடத்தில் வரும். இத்தாலியனில் "குவரந்தான்னி". ஒரு "ன்" விழுந்தால் அது வருடம் இல்லை, உடம்பின் பின்பக்கத்துச் சமாசாரம். நாற்பது பின்பக்கம்.

முதல் டேக்கில் அது விழுந்தது. யாரோ ஒருவர் சிரிப்பை அடக்க முடியாமல் மூக்கால் விட்டார். அதோடு எல்லோருக்கும் பிடித்துக்கொண்டது. ஹெட்டா சிரிப்பு அடங்கும்வரை அப்படியே நின்றார். மறுபடி எடுத்தார்கள். இப்போது நின்ற எல்லோரும் அந்த ஒரு எழுத்துக்காகவே காத்துக்கொண்டு நின்றதால், சொல் சரியாக வந்தாலும் மற்றதெல்லாம் விறைத்துப் போனது. மூன்றாவதும் சரிவரவில்லை, நாலாவதும் சரிவரவில்லை. தயாரிப்பாளர் கிட்டப் போய் அவருடைய கையைத் தட்டிக் கொடுத்தார்.

"யோசிக்காதேங்கோ. ரோமிலை எல்லாம் சரி செய்யலாம்."

நல்ல மாதிரித்தான் சொன்னார். ஆனால் எனக்கு வந்த கோபத்துக்கு, அந்த மனுசன் கழுத்துப்பட்டியோடு நிற்கும்போதே அதை அயன் பண்ணிவிட்டிருப்பேன்.

ஹெட்டா குசினிப் பக்கம் வந்து தண்ணீர் கேட்டார். குடித்துவிட்டு, கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். கொஞ்ச நேரம் கழித்து, "ராணி, உன்ரை அந்தச் சொல்லை நான் எடுக்கலாமோ?" என்றார்.

எந்தச் சொல் என்று எனக்கு உடனே விளங்கியது. "அது என்ரை இல்லை, சிஞ்ஞோரா. எங்கடை ஆக்கள் எல்லாருக்கும் சொந்தம்."

"எல்லாரிட்டையும் கேக்க இப்ப நேரமில்லை. உன்னட்டைக் கேக்கிறன்."

"எடுங்கோ" என்றேன்.

அவர் இயக்குநரிடம் போனார். இயக்குநரின் முகம் கறுத்தது. "அந்தப் பேச்சை எழுத எனக்கு ஒரு வருசம் எடுத்தது, சிஞ்ஞோரா."

"தெரியும். நல்ல பேச்சு. ஆனா இந்த மனுசி பேச்சுக் குடுக்கிற ஆள் இல்லை. கடையைப் பூட்டுற ஆள். ஒருக்கா என்ரை மாதிரி எடுப்பம். பிடிக்காட்டி உங்கடை மாதிரி விடியவிடிய எடுப்பம்."

எடுத்தார்கள். அவர் முன்பக்கத் தெறிகளைத் தானே போட்டுக்கொண்டு, ஒரு மேசை விரிப்பை நேராக்கினார். வாசலில் நின்று, குசினிக்குள் ஆள் இருக்கிற மாதிரி, சாதாரணமாக உள்ளே பார்த்துச் சொன்னார். "வாதோ எ வெங்கோ." பிறகு கதவைப் பூட்டினார். அதில் இரட்டை எழுத்து ஒன்றுகூட இல்லை. ஜேர்மன் ஆணி எல்லாம் அதில் இருந்தது. இப்போதே வந்துவிடுகிறேன் என்று அந்தக் கடைக்குப் பொய் சொல்கிறாள் என்பது அங்கே நின்ற அத்தனை பேருக்கும் விளங்கியது. நான் சத்தம் வராமல் கண்ணைத் துடைக்கச் சேலைத் தலைப்பைத் தேடினேன், நான் போட்டிருந்தது கால்சட்டை. சவுண்ட்காரர் தலையில் இருந்து ஹெட்போனைக் கழற்றவில்லை. நிறுத்து என்று சொல்ல இயக்குநர் மறந்துவிட்டார்.

மற்ற மாதிரி எடுக்கவே இல்லை.

தயாரிப்பாளர் வந்து, "அருமை" என்றார். "இதை எங்கடை அந்த அம்மா ரோமிலை சொன்னா இன்னும் எடுபடும்."

யார் கதைப்பது

படப்பிடிப்பு முடிந்து எல்லோரும் போய்விட்டார்கள். எங்கள் சிஞ்ஞோராவும் தங்கை வீட்டில் இருந்து திரும்பி வந்தார். நான் பழையபடி சூப் வைத்தேன். ஆனால் பினா என்னை மறக்கவில்லை. சிசிலிக்கு எந்தப் படம் வந்தாலும் ஆள் அனுப்புவார். அந்த வருடக் கடைசியில் படம் பலெர்மோவில் திரையிடப்பட்டபோது ஹெட்டா வந்தார், உடுப்பு மாட்ட என்னைக் கூப்பிட்டார். பச்சைப் பட்டுச் சட்டை. ரோமில் என்ன முடிவு எடுத்தார்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்கப் பயம். அவரும் சொல்லவில்லை. கழுத்தைத் தூக்கி, "கொலர் சரியோ?" என்று மட்டும் கேட்டார்.

நானும் கணவரும் பின்வரிசையில் இருந்தோம். விளக்கு அணைந்தது. முதல் காட்சியில் ஹெட்டா மீன்காரனோடு விலை பேசுகிறார். வாயைத் திறந்தார்.

ஆணி அடிக்கிற குரல். ஒவ்வொரு சொல்லும்.

எங்களுக்கு முன்னால் இருந்த ஒருவர் மனைவியின் பக்கம் சரிந்து, "என்ன இது, இவவின்ரை குரல் இல்லையே" என்றார். அங்கங்கே முணுமுணுப்பு. கணவர்கூட என்னை இடித்து, "குரல் ஒரு மாதிரிக் கிடக்கு" என்றார். "பேசாமல் பாருங்கோ" என்றேன். கொஞ்ச நேரத்தில் முணுமுணுப்பு நின்றது. பாதிப் படத்துக்குப் பிறகு, அந்த மனுஷி வேறு எந்தக் குரலில் பேசியிருப்பாள் என்று யாரும் யோசித்திருக்க மாட்டார்கள். முடிந்து விளக்கு வந்தபோது, முன்னால் இருந்தவர் எழும்பாமல் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார். எனக்கு என் சொந்தக்காரர் யாருக்கோ விடுதலை கிடைத்த மாதிரி இருந்தது. வெட்கமில்லாமல் அழுதேன்.

இப்போது நானும் ஓய்வுக்கு வந்துவிட்டேன். தையலைப் பினாவிடம் படித்தேன். உடுப்புக்குள் ஆள் எப்படி இருக்க வேண்டும் என்பதை ஹெட்டாவிடம் படித்தேன். மூன்றாவதாக ஒன்றை, நான் கண்ணாலும் காணாத ஒருவரிடம் படித்தேன். நல்லாகச் செய்யத் தெரிந்தவர்கள்தான் எந்த இடத்தில் கையை எடுக்க வேண்டும் என்பதையும் தெரிந்திருப்பார்கள். அரைகுறையாகத் தெரிந்தவர்கள் விடாமல் இழுத்துக்கொண்டே இருப்பார்கள். அதற்குப் பிறகு எந்த நடிகை "விடு, நானே போடுகிறேன்" என்றாலும் நான் சண்டை பிடித்ததில்லை.

அன்று படம் முடிந்து, ஹோட்டல் அறையில் பட்டுச் சட்டையைக் கழற்றிவிடும்போதுதான் ஹெட்டா நடந்ததைச் சொன்னார். தயாரிப்பாளர் படத்தை ரோமுக்குக் கொண்டுபோய், முப்பது வருடமாக ஹெட்டாவுக்காகக் கதைத்த அந்த அம்மாவைக் கூப்பிட்டிருக்கிறார். அவர் மைக்குக்கு முன்னால் இருந்து முழுப் படத்தையும் பார்த்திருக்கிறார், ஒரு சொல்லும் பதியவில்லை. முடிந்ததும், "இதுக்கு நான் கதைக்க மாட்டன்" என்று எழும்பிவிட்டாராம். சனத்துக்குப் பழக்கமான குரலுக்காகத்தானே டப்பிங்? அந்தக் குரலே மாட்டேன் என்ற பிறகு வேறு ஒருவரைப் பிடிப்பதில் தயாரிப்பாளருக்கு அர்த்தம் இருக்கவில்லை.

"அண்டைக்குப் பின்னேரம் ரெலிபோன் அடிச்சுது" என்றார் ஹெட்டா. "எடுத்தன். மற்றப் பக்கத்திலை என்ரை குரல். ஒருநாளும் நாங்கள் சந்திச்சதில்லை, ராணி. ஆனா ஒரு சொல்லிலை ஆளைப் பிடிச்சிட்டன். ‘சிஞ்ஞோரா, உங்கடை வாயை நான் கனகாலம் வைச்சிருந்திட்டன். இந்த முறை நீங்களே கதையுங்கோ’ எண்டு சொன்னா."

நான் கொழுக்கிகளை விட்டுவிட்டுக் கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் அந்தக் குரலை இன்னும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"என்ன குரல் அது" என்றார். "எனக்கு அப்பிடியொரு குரல் இருந்திருந்தா, நான் விட்டுக் குடுத்திருக்க மாட்டன்."